வாளுக்கு அடிமையான வீரன்

மாய வாள் வரும் கதைகள் பெரும்பாலானவற்றில் வாள் வீரனுக்கு ஏவல் செய்யும், பகைவர் மடிவர், வீரன் புகழெய்துவான். ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் மூர்காக் இவ்வழக்கத்தைத் தலைகீழாக மாற்றினார். 1961-ல் இதழொன்றில் வெளிவந்த கதையில், எல்ரிக் என்பானையும் 'ஸ்டார்ம்பிரிங்கர்' என்னும் அவனது கரிய வாளையும் அறிமுகம் செய்தார்.

மெல்னிபோனே என்னும் கற்பனைத் தீவின் கடைசி மன்னன் எல்ரிக். பிறவியிலேயே நலிந்த உடலினன். வெட்டுண்டோரின் உயிரை உறிஞ்சும் அவ்வாள், அந்த வலிமையை அவனுக்கு ஊட்டுகிறது. ஆனால் பகைவர், உற்றார் என்ற பேதம் அதற்கில்லை. அவன் நேசித்த சைமோரிலும் அதற்கே இரையாகிறாள்.

துயரம் தாளாது வாளைக் கடலில் வீசுகிறான். அது மூழ்கவில்லை, நீரில் குத்திட்டு நின்று அலறுகிறது. அவனோ நீந்திச் சென்று மீண்டும் அதனைப் பற்றிக்கொள்கிறான்! கதையின் உயிர்நிலை இதுவே என்போம். பழியனைத்தையும் வாளின்மீது சுமத்தி அவன் தப்பிவிட ஆசிரியர் இடந்தரவில்லை. கொன்றது வாள், அதனை மீண்டும் தேடிப் போனது மனிதனின் தேவை.

1965-ல் வெளியான 'ஸ்டார்ம்பிரிங்கர்' நாவலின் முடிவில் தோழன் மூன்கிளமும், இறுதியில் எல்ரிக்கும் அவ்வாளுக்கே பலியாகின்றனர்.

போர்களும் மந்திரங்களும் மிகுந்து கதை சில இடங்களில் அலுப்பூட்டுவது உண்மை. எனினும், கடன் வாங்கிய வலிமைக்கு விலை உண்டு என்பதை அது மறைக்கவில்லை. மாய வாளுக்கு ஏங்கும் வயதுடைய நம் பிள்ளைகள், வளர்ந்தபின் இதனையும் படிக்கட்டும்.