கோபம் மட்டும் போதுமா, முதலாளி?

தலைமைப் பண்பு என்று சேலத்தில் யாராவது மைக்கைப் பிடித்தால், ஐந்தாவது நிமிஷம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் பெயர் வந்து விழும். பின்னாலேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கதையும். கடைசிக் காட்சிகளுக்கு எம்.ஜி.ஆர். வரத் தாமதமானதாம். சுந்தரம் காத்திருக்கவில்லையாம். டூப் போட்டுப் படத்தை முடித்துவிட்டாராம். 'பார்த்தீங்களா, இவர்தான் முதலாளி!' பலத்த கைதட்டல்.

கேட்டுவிட்டுப் போகிறவர் மறுநாள் தன் லாரி பாடி பட்டறையில், பத்து நிமிஷம் லேட்டாக வந்த வெல்டரை நாலு பேர் முன்னால் கிழி கிழி என்று கிழிக்கிறார். தலைமைப் பண்பு வந்துவிட்டது!

கதை எவ்வளவு நிஜம் என்பது இருக்கட்டும். என் சண்டை, அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடத்தோடு.

சுந்தரம் கறார் பேர்வழிதான், சந்தேகமில்லை. 1907-ல் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1930-களின் நடுவில் ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டூடியோ கட்டி, சினிமாவை மில் மாதிரி நடத்தினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். ஆட்களுக்கு மாதச் சம்பளம். 'படம் வித்ததும் தரேன்' என்பது தேசிய கீதமாக இருந்த தொழிலில், மாதம் பிறந்தால் சம்பளம் என்பது சாதாரண சமாசாரமா? வீட்டு வாடகைக்குக் கவலைப்படாதவன் முதலாளியின் கோபத்தைத் தாங்குகிற விதமே வேறு.

இன்னொன்று, அவருக்கு வேலை தெரியும். 1950-ல் 'மந்திரி குமாரி' எடுக்கும்போது, டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் படம் முடிவதற்குள் அமெரிக்கா போய்விட்டார். மிச்சத்தை முடித்தது சுந்தரம். தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான 'அலிபாபா'வை (1956) இயக்கியவரும் அவரேதான். ஷாட் தெரிந்தவன் 'இது சரியில்லை' என்று கத்தினால் அதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கும். வெல்டிங் ராடு பிடிக்கத் தெரியாதவர் கத்தினால் காது வலிதான் மிச்சம்.

டூப் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கைதட்டத் தகுந்தது கோபமா? பெரிய ஸ்டாருக்கும் சட்டத்தை வளைக்கவில்லை என்பதல்லவா! நம் பட்டறைக்காரரைப் பாருங்கள். வெல்டருக்குத்தான் பத்து நிமிஷக் கணக்கு. மச்சான் பதினோரு மணிக்கு வருவார், கேட்க நாக்கு வராது. பைனான்ஸ்காரர் போன் செய்த அன்றைக்கு எல்லோருக்கும் திட்டு. பார்ட்டி பணம் வந்த அன்றைக்கு எல்லோருக்கும் டீ, பஜ்ஜி. வேலை செய்கிறவன் இரும்பைப் பார்ப்பானா, முதலாளி முகத்தைப் பார்ப்பானா?

சுந்தரத்திடம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எல்லா முடிவும் ஒரே தலைக்குள் இருந்தால் என்ன ஆகும்? 1963-ல் அவர் போனபின் மகன் ராமசுந்தரம் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று தாக்குப்பிடித்தார். அப்புறம் மெல்ல மெல்ல மூடுவிழா. சினிமா மொத்தமும் சென்னைக்கு மூட்டை கட்டியது பெரிய காரணம். ஆனாலும் 'முதலாளி'க்கு அடுத்து யார் என்று அந்தக் காம்பவுண்டில் யாரும் உரக்கக் கேட்டிருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்று ஏற்காடு ரோட்டில் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது.

பயம் வேலை வாங்கும். ஆனால் தகவல் வாங்காது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990-களில் ஆஸ்பத்திரிக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுவில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது! தவறு கூடவில்லை, சொல்ல பயப்படவில்லை என்பதைப் பிறகு கண்டுபிடித்தார்.

இதை அப்படியே நாமக்கல் கோழிப்பண்ணைக்குக் கொண்டுவாருங்கள். சித்திரை வெயில். ஷெட்டில் ஆயிரக்கணக்கில் கோழி. ஒரு வரிசையில் நிப்பிள் அடைத்துத் தண்ணீர் வரவில்லை. பீகாரிலிருந்து வந்த பையன் காலை ஏழு மணிக்கே பார்த்துவிட்டான். போய்ச் சொன்னால், 'நீ என்னடா புடுங்கிட்டிருந்தே?' என்று முதல் அடி அவனுக்கு. சொல்லாவிட்டால் மத்தியானம் வேறு யாராவது பார்ப்பார்கள்.

அவன் சூப்பர்வைசர் ரூம் பக்கம் பார்க்கிறான். உள்ளே யாரோ யாரையோ கத்திக்கொண்டிருக்கும் சத்தம். முட்டை ட்ரேயைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறான்.