நெருப்பின் நாடி பார்க்கும் இழை

ஈப்போவிலிருந்து வடக்கே, பேராக்கின் எல்லையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் பிறை. அங்கே 1967இல் மலாயாவாத்தா உருக்காலையின் ஊதுலை எரியத் தொடங்கியபோது அதற்கு இரையானது பால்மரம். பால் வற்றிய முதிய ரப்பர் மரங்கள் கரியாகி, தாதுக் கல்லிலிருந்து இரும்பைப் பிரித்துத் தந்தன. நம் மரங்கள் ஊட்டிய அந்த நெருப்பின் வம்சத்தில், இன்று நெருப்பையே அளக்க வந்திருக்கும் ஓர் எழிலான பொருளைக் கொஞ்ச நேரம் பார்ப்போம். அது ஒளியிழை.

முதலில் அதன் மென்மையைப் பாருங்கள். கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரான், தலைமுடியின் பருமன்தான். அதன் நடுவே, பத்து மைக்ரானுக்கும் குறைந்த அகலத்தில், ஒளி நடக்கும் பாதை. 1,500 பாகைக்கு மேல் தகதகக்கும் உருகிய எஃகுக்கு அருகே காவல் நிற்பது இந்த மெல்லிய பளிங்கு.

இன்னும் நெருங்கினால், அந்தப் பாதைக்குள் வரிகள். ஏறத்தாழ அரை மைக்ரானுக்கு ஒன்றாக, புற ஊதா ஒளியால் எழுதப்பட்டவை. இழைக்குள் ஒளியால் வரி எழுதலாம் என்பதை 1978இல் கனடாவில் கென் ஹில் குழுவினர் முதன்முதலில் கண்டனர். தேர்ந்த பால்வெட்டுக்காரரின் கத்தி பட்டையைச் சீவும், உள்மரத்தைப் புண்படுத்தாது. இந்த வரிகளும் அப்படித்தான், கண்ணாடியைக் கீறாமலே அதில் பதிந்திருக்கின்றன. வரும் ஒளியில் ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் அவை திருப்பி அனுப்பும். சூடு ஒரு பாகை ஏறினால் அந்த அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நீளும். அவ்வளவு சிறிய அசைவையும் கருவி படித்துவிடுகிறது!

இந்த நுண்மையின் முழு அழகும் விளங்குவது தொடர்வார்ப்பின் செம்பு அச்சில். எஃகு அதில் இறங்கும்போது ஓரத்தில் மட்டும் மெல்லிய தோல் கட்டும். உள்ளே இன்னும் திரவம். தோல் சுவரில் ஒட்டிக் கிழிந்தால், கிழிசல் அச்சைத் தாண்டியதும் உருகிய எஃகு பீறிட்டுக் கொட்டும். செம்புச் சுவரின் நுண்துளைக்குள் ஓர் இழை. அதன் நெடுகப் பல வரித்தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி அலைநீளம். மேலே ஓரிடம் சுட்டுத் தணிகிறது. அடுத்து அதற்குக் கீழே சுடுகிறது. கிழிசல் இறங்கி வருகிறது என்று அந்த வரிசையே சொல்லிவிடும். வார்ப்பின் வேகத்தைக் குறைத்தால் தோல் மீண்டும் கட்டிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். எஃகைக் கலக்கும் மின்காந்தத்தின் ஆரவாரம் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணாடியின் கவனம் சிதறுவதில்லை.

தன்னையே தருகிற இழையும் உண்டு. மெல்லிய உலோகக் குழலுக்குள் அடங்கி, அது உருகிய எஃகுக்குள்ளேயே இறங்கும். எஃகு தன் வெம்மையால் வீசும் ஒளியை முனையில் ஏந்தி வெளியே அனுப்பும். அந்த ஒளியே வெப்பநிலையைச் சொல்லும். முனை கரைந்துபோகும். அடுத்த அளவுக்குச் சுருளிலிருந்து புதிய இழை முன்னே வரும்.

இத்தனை நயத்திலும் என் மனம் அதிகம் தங்குவது ஒன்றில்தான். உலையின் வாய்க்கு அருகே நீண்ட கோலோடு போய் நின்று அளந்தவர், இன்று எட்ட நின்றே எஃகின் சூட்டை அறிகிறார். மனித உடம்பை நெருப்பிலிருந்து அத்தனை தூரம் தள்ளி நிறுத்தியதே இந்தக் கைவினையின் பேரழகு.