மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்

பழங்காசு சேகரிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஸ்னைப்பிங் சேவைகளுக்காக நெடுநேரம் வாதாடினார். இணைய ஏலத் தளமான ஈபேயில் ஒரு காசைப் பார்த்துவைத்து, தான் தரக்கூடிய உச்ச விலையை அந்தச் சேவையிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவாராம். ஏலம் முடிய ஐந்தாறு வினாடி இருக்கும்போது அது அவருக்காக ஏலம் கேட்டுவிடும். கிடைத்தால் மட்டும் முடிவு விலையில் ஒரு விழுக்காடு போலக் கமிஷன். "உத்திக்குக் கொடுக்கிற கூலி" என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டினார்கள். என்னால் தலையாட்ட முடியவில்லை.

இந்தச் சேவைகளில் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏல வெறியில் கைமீறிப் போகாமல் அவை காக்கின்றன. விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றிவிடும் மோசடிக்கு இடம் குறைகிறது. ஒரே மாதிரிப் பொருள் நாலைந்து ஏலங்களில் இருந்தால், ஒன்று கிடைத்ததும் மற்றவற்றை ரத்துசெய்யும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. ஈபேயும் இதைத் தடைசெய்யவில்லை. இவ்வளவும் சரி.

ஆனால் 'உத்தி' என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். ஈபேயிலேயே, ஒரு காசு கூட வாங்காமல், உங்கள் உச்ச விலைவரை உங்களுக்காகக் கேட்டுக்கொண்டே போகும் ஏற்பாடு தொடக்கக் காலத்திலிருந்தே இருக்கிறது. அடுத்தவர் எவ்வளவு வரை போகிறாரோ அதற்கு மேல் ஒரு படி மட்டுமே நீங்கள் தருவீர்கள். ஒரு கேமரா லென்ஸுக்கு ஒருவர் 80 டாலர் வரை தருவார், நீங்கள் 100 வரை தருவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் மனதில் உள்ளதை முதல் நாளே பதிந்தால் லென்ஸ் உங்களுக்கு 81 டாலருக்கு வரும். இருவரும் கடைசி ஐந்தாவது வினாடியில் ஸ்னைப்பரை ஏவினாலும் அதே 81 டாலர்தான், கூடவே கமிஷன். எல்லாரும் இந்தச் சேவையை வாங்கிவிட்டால் லாபம் யாருக்குமே இல்லை, செலவு மட்டும் நிற்கும்.

அப்படியானால் லாபம் எப்போது வருகிறது? எதிரே இருப்பவர் 80 டாலர் தர மனமுள்ளவராக இருந்தும், விலை ஏறினால் அப்போது ஏற்றிக்கொள்ளலாம் என்று 40-இல் நிற்கும்போது. அவர் மறுபடி கேட்க நேரம் இல்லாமல் நீங்கள் 41-க்கு எடுத்துவிடுகிறீர்கள். மிஞ்சிய 40 டாலர் வானத்திலிருந்து விழவில்லை. விற்றவரின் பையிலிருந்து வந்தது. தாத்தாவின் லென்ஸை விற்கும் பேரனுக்கு வந்திருக்க வேண்டிய பணம் அது. இதைத்தான் உத்தி என்கிறோம். பொருளின் மதிப்பை நன்றாக அறிந்ததாலோ கூடுதல் விலை தரத் துணிந்ததாலோ லென்ஸ் 41-க்குக் கிடைக்கவில்லை. எதிராளியின் வாயைக் கடிகாரத்தால் அடைத்ததால் கிடைத்தது.

பொருளியலாளர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஆக்கென்ஃபெல்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. (ராத் பின்னர் 2012-இல் பொருளியல் நோபல் பெற்றார்.) ஈபேயில் கடிகாரம் நின்றால் ஏலம் முடிந்தது. அன்றைய அமேசான் ஏலத்தில் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்பு விழுந்த ஏலங்கள், ஈபேயின் கணினிப் பொருள்களில் 40 விழுக்காடு, பழம்பொருள்களில் 59 விழுக்காடு. அமேசானில் இரண்டிலுமே ஏறத்தாழ 3 விழுக்காடுதான். மனிதர்கள் மாறவில்லை, விதிதான் மாறியது. பழம்பொருளில் எண்ணிக்கை கூடுவதற்குக் காரணம் உண்டு: விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அவர் கேட்பதைப் பார்த்தே மற்றவர்கள் பொருளின் அருமையை அறிந்துவிடுவார்கள். அறிவை மறைக்க விரும்புவது அவர் உரிமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி மறைத்ததால் சரிந்த விலையை விற்பவர் அல்லவா சுமக்கிறார்?

கமிஷனுக்கு வருவோம். நிரல் செய்கிற வேலை 20 டாலர் காசுக்கும் 800 டாலர் லென்ஸுக்கும் ஒன்றே: ஒரு முறை கேட்பது. பிறகு விலையின் விழுக்காடு எதற்கு? மிச்சப்படுத்தியதில் பங்கு கேட்டால்கூடப் புரிந்துகொள்ளலாம். உங்களுக்கு விலை ஏற ஏற அவர்கள் கூலியும் ஏறுகிறது. கிக்ஸன் போன்ற இலவசச் சேவையும் உண்டு; அதிலும் முதல் சேவையகம் தவறினால் இன்னொன்று கேட்பதற்குத் தனிக் கட்டணம். கடைசி வினாடியில் அனுப்பியது போய்ச் சேராமலே போகலாம் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. இந்தச் சேவைகளுக்காக ஈபே கணக்கின் கடவுச்சொல்லைக்கூட மூன்றாமவரிடம் ஒப்படைத்தவர்கள் இருக்கிறார்கள்.

நம் ஊர் ஏலக்காரருக்கு இந்தச் சிக்கல் எப்போதும் தெரியும். அதனால்தான் "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்கிறார். இடையில் யாராவது வாய் திறந்தால் மறுபடி ஒரு தரத்திலிருந்து தொடங்குவார். கடைசியாகக் கேட்டவருக்குப் பதில் கேட்பு வர இடம்விடுவதே ஏலத்தின் உயிர். அதை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் ஒரு கடையும் போட்டு, அந்தக் கடையின் சரக்கை உத்தி என்று புகழ்வதை நான் எதிர்க்கிறேன்.

அமேசான் ஏலம் மூடப்பட்டதே, ஈபே விதிதானே நிலைத்தது என்பார்கள். ஈபே நிலைத்தது கூட்டம் அங்கே இருந்ததால். நியூசிலாந்தின் ட்ரேட்மீ தளத்தில் கடைசி இரண்டு நிமிடத்தில் கேட்பு வந்தால் ஏலம் இன்னும் இரண்டு நிமிடம் நீள்கிறது. அந்தத் தளம் 1999-இலிருந்து நடக்கிறது. ஈபேயும் அந்த இரண்டு நிமிடத்தைத் தர வேண்டும்.