சூலை நோயும் தூங்கானைமாட விண்ணப்பமும்

திருநாவுக்கரசு நாயனார் சைவத்திற்கு மீண்டமைக்குச் சூலை நோயே காரணம் என்றும், அந்நோய் தீர்தலே அவர் வேண்டிய பயன் என்றும் கூறுவார் சிலர் உளர். திருவதிகை வீரட்டானத்துப் பாடிய முதற்பதிகத்தில் நோயை விலக்குமாறு வேண்டுதலை அவர் சான்றாகக் காட்டுவர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், சேக்கிழார் பெருமான் வரலாற்றை நிறுத்திய முறையை நோக்குக. சமணரிடைத் தருமசேனராய் விளங்கிய தம்பியாரை மீட்டருளுமாறு திலகவதியம்மையார் விண்ணப்பித்தலும், இறைவர் கனவில் தோன்றிச் சூலை கொடுத்து ஆட்கொள்வதாக அருளுதலும் முன்னே கூறப்பட்டன. நோய் வந்தமை அதன் பின்னரே கூறப்பட்டது. ஆகவே, நோய்க்கு மருந்தாக அருள் வந்ததன்று; அருளுக்கு வாயிலாக நோய் வந்தது என்க. இதனைச் சித்தாந்த நூலுடையார் மறக்கருணை என்பர். பதிகமும் வலியைச் சொல்லுமுன், தாம் அறியாது செய்த கொடுமைகளையே நினைவு கூர்கின்றது.

இனி, நோய் நீங்கியபின் நாயனார் எய்தியது சுகவாழ்வு அன்று. ஏழு நாள் நீற்றறையில் இருந்தார்; நஞ்சு உண்பிக்கப்பட்டார்; யானை ஏவப்பட்டது; கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டார். உடல்நலம் ஒன்றே கருதி வந்தவராயின், நீற்றறையின் வாயிலிலேயே மனம் மாறியிருப்பர்.

யான் ஆசிரியப்பணி புரிந்த காலத்து, மாணாக்கர் இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் இவ்விடையளவில் அமைந்தேன். ஓய்வு பெற்றபின் புராணத்தை மீட்டும் ஓதியபொழுதே, இதனினும் வலிய சான்று திருப்பெண்ணாகடத்தில் இருத்தல் புலனாயிற்று. அங்குத் தூங்கானைமாடத்து இறைவரை நாயனார் வேண்டியது யாது? புறச்சமயத்தோடு இயைந்திருந்த இவ்வுடலோடு உயிர்வாழத் தரியேன். உய்ந்து வாழவேண்டுமாயின் சூலமும் இடபமும் இதன்மேற் பொறித்தருளுக என்பதே. எவ்வுடலின் நோய் தீர்ந்ததோ, அவ்வுடலையே நீக்கத் துணிந்தார். இறைவர் அருளால் பூதகணம் ஒன்று அவர் தோளில் அப்பொறிகளை இட்டது. உடலைக் காக்கவே வந்தவர் இங்ஙனம் வேண்டுவரோ? சூல நோயால் அழைக்கப்பட்டவர், சூலப்பொறியைத் தாமே கேட்டுப் பெற்றார்.

இவ்வாராய்ச்சியால் நாம் கொள்ளற்பாலது ஒன்று உண்டு. நோயும் வறுமையும் துரத்தத் திருக்கோயில் வாயிலை அடைவாரைப் பயன்கருதி வந்தார் என இகழற்க. வந்த காரணம் எதுவாயினும் ஆகுக. துன்பம் தீர்ந்தபின் அவ்வாயிலிலேயே நிற்கின்றாரா என்பதே அன்பினை அளக்கும் கோல். அக்கோலை முதலில் நம்மேல் வைத்துப் பார்ப்போமாக.