முதலில் பேடை மாற்றுங்கள்

என் கறுப்பு செடானுக்கு ஏழு வயது. வெயிலில் நிறுத்தினால் பானட் முழுக்கச் சிலந்தி வலை விரித்ததுபோல வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். மண் ஒட்டிய ஒரே துணியால் வாட்டர் வாஷ் கடையில் வருடக்கணக்காகத் துடைத்ததன் பலன். போன மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி நானே இறங்கினேன். கையில் 15 மில்லிமீட்டர் த்ரோ (வட்ட வீச்சு) உள்ள டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், ஒரு கட்டிங் காம்பவுண்ட், மெகுயர்ஸ் எம்205 பாலிஷ், அந்த மெஷினில் மாட்ட மூன்று வகைப் பேடுகள்.

வண்டியைக் கழுவி, ஒட்டிய துகள்களை எடுக்கக் கிளே பார் தேய்த்து, பானட்டில் மாஸ்கிங் டேப்பால் இரண்டடிச் சதுரம் கட்டினேன். இந்தச் சோதனைச் சதுரத்தைத் தவிர்க்கவே கூடாது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை எதுவானாலும் பெரும்பாலும் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட்தான் தேய்கிறது. அதன் தடிமன் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான் அளவுதான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அதுவே. போனது திரும்பாது. அதனால் அந்தச் சதுரத்தில் மென்மையான பாலிஷ்-பேடு ஜோடியில் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

எம்205, நடுத்தர ஃபோம் பேடு: ஆறு முறை ஓட்டியும் பாதிக் கீறல் அப்படியே இருந்தது. இங்கேதான் பலர் கடைக்கு ஓடி இன்னும் காட்டமான காம்பவுண்ட் வாங்குவார்கள். நான் பாட்டிலைத் தொடாமல் மைக்ரோஃபைபர் பேடை மட்டும் மாட்டினேன். அதே எம்205, அதே வேகம். பெரும்பகுதி மறைந்துவிட்டது. ஃபோம் வழுக்கிக்கொண்டு போகிறது. மைக்ரோஃபைபரின் இழைகளோ பாலிஷில் உள்ள உராய்வுப் பொடியைப் பிடித்து வைத்து வெட்டுகின்றன. பதிலுக்கு லேசான மங்கல் ஒன்றை விட்டுச் சென்றது. மென்மையான ஃபினிஷிங் ஃபோம் பேடில் மீண்டும் எம்205 போட்டதும் அதுவும் போய், மாடி வீட்டு ஜன்னல் கம்பிகள் பானட்டில் எண்ணும்படி தெரிந்தன.

கட்டிங் காம்பவுண்ட் எனக்குத் தேவைப்பட்டது டிக்கியில் மட்டும். வெட்டு நன்றாக இருந்தது. ஆனால் சீக்கிரம் காய்ந்து வெள்ளைப் பொடியாகப் பறந்தது. தகடு தொட்டால் சுடும் நேரத்தில் எந்தத் திரவமும் இப்படித்தான் படுத்தும்; காலை ஒன்பது மணிக்குள் நிழலில் முடித்துக்கொள்வது நல்லது. கம்பளிப் பேடை நான் தொடவில்லை. உப்புத்தாள் தேய்த்த இடத்துக்கும் ரீபெயின்ட் வேலைக்கும்தான் அவ்வளவு வெட்டு வேண்டும்.

பேடு வாங்கும்போது நிறத்தை நம்பாதீர்கள். இத்தாலியின் ரூபெஸ் ஃபோம் பேடுகளில் மஞ்சள் என்றால் மென்மையான பாலிஷிங் ரகம். அமெரிக்காவின் லேக் கன்ட்ரியிலோ மஞ்சள்தான் காட்டமான கட்டிங் ரகம். நிறத்தைப் பார்த்து மாற்றி எடுத்தால் முடிக்க வேண்டிய இடத்தில் மறுபடி கீறிவிடுவோம். உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஒவ்வொரு ரகத்திலும் குறைந்தது இரண்டு வேண்டும். பேடு நனைந்து கனத்துவிட்டால் வெட்டு குறைந்து சூடு ஏறும். ஒரு பேனல் முடிந்ததும் நைலான் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தேன். அப்படியும் நாலாவது பேனலில் மாற்ற வேண்டியிருந்தது.

பேடு ஒட்டும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுழல்வது நின்றால் கை அதிகம் அழுத்துகிறது என்று பொருள். மெஷின் அதிரும், வெட்டாது. கதவின் வளைந்த விளிம்புகளில் இது அடிக்கடி நடந்தது. விளிம்பில் பெயின்ட்டும் மெல்லிசு என்பதால் அங்கே டேப் ஒட்டிவிட்டேன்.

கடைசியாக ஐசோபுரோபில் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து, பாலிஷின் எண்ணெய்ப் பசை போனபின் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுழல் கீறல் இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவில் நகம் சிக்கும் ஆழத்தில் ஒரு கோடு மட்டும் நிற்கிறது. அதை எடுக்கும் அளவு கிளியர் கோட்டைச் செலவழிக்க மனம் வரவில்லை; அப்படியே விட்டுவிட்டேன்.