இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பமும் பேறும்

சான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவி, எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை இரட்சணிய யாத்திரிகத்தை 1894இல் வெளியிட்டார். மூலத்தில் விரிவு பெறாத இயேசுவின் பாடுகளை அவர் குமார பருவத்தில் விரித்துப் பாடியுள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது. இறைமகன் முன்னரே நடந்த வழியாதலின், பயணியின் துன்பம் அவரோடு பங்குகொள்ளும் பேறாகின்றது.

எனினும், அப்பயணி அவ்வழியைத் தானே விரும்பி ஏற்றவன். 1942–43இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஜொகூர்த் தோட்டத் தமிழரின் துன்பமோ பிறர் சுமத்தியது. ஜொகூரில் இக்காப்பியத்தைக் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை உணர்த்துதல் வேண்டும். துன்புற்றவர் தம் துன்பத்தினூடே இறைத்துணையைக் காணலாம். அத்துன்பத்தையே ஆசி எனப் பிறர் கூறுதல் தகாது என்று நாம் கருதுகின்றோம்.