பெஹாலாவில் புருனெல்லோவுக்கு மாற்று

பரோலோ கட்டுப்படியாகாதா, லாங்கே நெபியோலோ வாங்கு. புருனெல்லோ எட்டவில்லையா, ரோஸ்ஸோ தி மொந்தால்சினோ இருக்கிறது. இத்தாலியச் சிவப்பு ஒயினில் மனம் வைத்து, மணிபர்ஸைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை இது.

யோசனையில் சரக்கு உண்டு. புருனெல்லோவும் ரோஸ்ஸோவும் ஒரே ஊர், ஒரே சாஞ்சியோவேசே திராட்சை, பல சமயம் ஒரே பண்ணை. புருனெல்லோ அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரியில்தான் கடைக்கு வரலாம். ரோஸ்ஸோவை மறு ஆண்டு செப்டம்பரிலேயே விற்கலாம். பரோலோவுக்கு 38 மாதம், அதில் 18 மரப்பீப்பாயில். அத்தனை காலம் முடங்கிக் கிடக்கும் முதலுக்கும் சேர்த்தே விலை. வாங்கிய இரவே திறக்கப்போகிறவர் அதை ஏன் சுமக்க வேண்டும்?

நம் நாட்டில் இந்த வாதத்துக்கு வலு அதிகம். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த சுங்கவரி 150 சதவீதம். 10 யூரோ, 40 யூரோ பாட்டில்கள் அந்தக் கணக்கில் 25, 100 ஆகிவிடும். முப்பதாக இருந்த இடைவெளி எழுபத்தைந்து! மாநில வரி தனி.

ஆனால் கொல்கத்தாவின் பெஹாலாவில், டைமண்ட் ஹார்பர் சாலையோரத்து எஃப்.எல். ஆஃப் ஷாப் எனப்படும் மதுக்கடையின் கம்பி அழிக்கு முன்னால் யோசனை நொண்டுகிறது. ஒவ்வொரு லேபிளையும் மாநிலந்தோறும் பணம் கட்டிப் பதிய வேண்டும். சில நூறு பாட்டிலுக்காகச் சிறு பண்ணைக்காரர் மெனக்கெடுவாரா? ஆகவே ரோஸ்ஸோ அங்கே அபூர்வம், பெரிய கம்பெனியின் மலிவுக் கியாந்தி கிடைத்தாலே யோகம். அதுவும் ஏசி இல்லாத அலமாரியில் மே மாதப் புழுக்கத்தைத் தாண்டிய பாட்டிலாக இருக்கக்கூடும். கார்க் மேலே புடைத்திருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பாக ஒயின் வழிந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெந்துபோன ஒயின். பெயர் பார்த்து வாங்குவதைவிடக் குளிர்காலம் பார்த்து வாங்குவது மேல்.

எஞ்சுவது மகாராஷ்டிரத்து அக்லூஜ். ஃபிராதெல்லி நிறுவனம் அங்கே சாஞ்சியோவேசே பயிரிடுகிறது; அதன் ஒயின்களுக்குப் பின்னால் இருப்பவர் டஸ்கனிக்காரர் பியேரோ மாசி. சாஞ்சியோவேசேயும் கபர்னே சோவின்யோனும் கலந்த அவர்களுடைய ‘செட்டே’யைப் புருனெல்லோவுக்கு ஈடாக நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. புருனெல்லோவில் வேறு திராட்சைக்கு இடமே கிடையாது. தவிர, அக்லூஜ் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை. ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, கோடை முற்றுமுன் அறுவடையை முடிக்கிறார்கள். மொந்தால்சினோவின் நிதானம் அதில் எப்படி வரும்?

கலப்பில்லாத சாதா சாஞ்சியோவேசேயை, ஈடு கேட்காமல், அரைமணி ஃபிரிட்ஜில் வைத்துக் கோஷா மாங்ஷோ என்னும் வங்காள ஆட்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள். அதன் புளிப்பு ஆட்டுக்கொழுப்பை அறுக்கும். பரோலோவின் கடுந்துவர்ப்போ, அந்த மிளகாய்க் காரத்தை இன்னும் எரியவிடும்.